சித்திரைத் திருவிழா: இரண்டு விழாக்களும் ஒரு தையலும்

மதுரையில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் ஊர் பார்க்க எப்போ வரலாம்னு கேட்பவர்களிடம் சித்திரையிலேயே வாங்க என்றுதான் சொல்வேன். மற்ற மாதங்களில் கட்டடங்களைப் பார்க்கலாம். அவை எதற்கு என்பது இந்த மாதத்தில்தான் புரியும்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் சதுரம் சதுரமாக இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதியில். ஏன்? மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசியில் நடந்தன, திருமலை நாயக்கர் (1623-1659) அவற்றைச் சித்திரைக்கு மாற்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மாதம் மாறியது, தெருப் பெயர் மாறவில்லை.

அழகர் கதையும் இப்படித்தான். ஊருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் முன்பெல்லாம் சோழவந்தான் பக்கம் தேனூருக்குப் போய் வைகையில் இறங்குவாராம். அதை மதுரைக்குக் கொண்டுவந்ததும் அதே நாயக்கர்தான் என்பார்கள். வண்டியூர்ப் பக்கம் ஆற்றில் நிற்கும் தேனூர் மண்டபத்தின் பெயரில் அந்தப் பழைய ஊர் இன்னும் இருக்கிறது.

தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த அண்ணன், தாலி கட்டி முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சு கோபத்தோடு வண்டியூருக்குப் போயிட்டார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. கோயில் புராணத்தில் இது கிடையாது. அங்கே அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவரோ திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் மீனாட்சி கோயிலுக்குள் போவதே இல்லை. ஆக, சைவ விழா ஒன்று, வைணவ விழா ஒன்று. நகரத்து விழா ஒன்று, கிராமத்து விழா ஒன்று. அரசர் தேதியைத்தான் சேர்த்தார். இரண்டையும் ஒரே குடும்பமாகத் தைத்தது ஜனங்களின் கதை. புராணத்தில் இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிட்டால் திருவிழாவில் பாதி போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபம் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கச் சுற்றிலும் தண்ணீர் நிற்க வழி செய்திருந்தார்கள். 1636-இல் எழுந்த மகாலில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். அதன் தூண்களுக்கு நடுவே நின்றால், விழாக்களையே இடம் மாற்றிய அதிகாரம் எவ்வளவு பெரியது என்று பிடிபடும்.

சித்திரையில் வைகை பெரும்பாலும் மணல்தான். அழகருக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். சித்ரா பௌர்ணமியை ஒட்டி விடியற்காலையில் தங்கக் குதிரையில் இறங்குவார். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பஞ்சாங்கம் பார்த்துக் கிளம்புங்கள்.

கூட்டத்தைச் சாதாரணமாக எடுத்துக்க வேண்டாம். 2022-இல் ஆற்றில் இறங்கும் நேரத்து நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். குழந்தைகள், வயசானவங்களோடு வந்தால் அந்த நேரத்தை விட்டுவிட்டு, அழகர் மலைக்குத் திரும்பும் வழியில் தல்லாகுளம் பக்கம் நின்று பாருங்கள். அதே அழகர்தான்.