ஒரே புற்றுநோய்... ஆளுக்கு ஆள் வேறு மருந்து! வழிகாட்டும் மரபணு மாடல்கள்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பேத்துப்பாறை போன்ற கிராமத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால், முதலில் கொடைக்கானலுக்கு வர வேண்டும். அடுத்து மலை இறங்கி மதுரைக்கோ, அதையும் தாண்டி சென்னைக்கோ போக வேண்டும். பஸ் செலவு, தங்கும் செலவு, போட்டது போட்டபடி விட்டுவந்த தோட்ட வேலை என ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு விலை உண்டு. அப்படி அலைந்து ஏற்றிக்கொண்ட மருந்து, அந்த உடம்பில் வேலையே செய்யவில்லை என்று சில மாதம் கழித்து ஸ்கேனில் தெரியவந்தால்? பணம் மட்டுமல்ல, திரும்பக் கிடைக்காத நாள்களும் போய்விடும்.

'இந்த மருந்து இவருக்குக் கேட்குமா?' என்பதை முன்கூட்டியே கணிக்கப் பார்ப்பதுதான் துல்லிய மருத்துவம். அதற்குக் கைகொடுப்பவை மரபணு மாடல்கள்.

பெயர் ஒன்று, நோய் வேறு

மனித உடலில் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. இவற்றில் சிலவற்றில் ஏற்படும் மாற்றங்களால், செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதே புற்றுநோய். இரண்டு பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் என்றாலும், கோளாறான மரபணு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு 'ஹெர்-2' மரபணு அளவுக்கு மீறி வேலை செய்யலாம். அவருக்கு, 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டிராஸ்டுசுமாப்' என்ற மருந்து பலன் தரும். அந்தக் கோளாறு இல்லாதவருக்கு இதே மருந்தால் பெரிய பயன் இருக்காது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் வந்த 'இமாட்டினிப்' மாத்திரையும் இப்படி ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறைக் குறிவைத்து உருவானதுதான்.

டிரைவர் யார், பயணி யார்?

ஒரு கட்டியில் நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் மரபணு மாற்றங்கள் இருக்கும். எல்லாமே ஆபத்தானவை அல்ல. நோயை ஓட்டிச் செல்பவற்றை விஞ்ஞானிகள் 'டிரைவர்' என்கிறார்கள். சும்மா உடன் வருபவை 'பயணிகள்'. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் டிரைவரைத்தான் பிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கப் பல வகை மாடல்கள் உண்டு. ஒரு புற்றுநோய் மரபணுவை எலிக்குள் புகுத்தி, கட்டி எப்படி வளர்கிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய இப்படியொரு எலிக்கு 1988-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். இன்னொன்று, கம்ப்யூட்டர் மாடல். சென்னை ஐ.ஐ.டி ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட 'பிவட்' அந்த வகை. மார்பகம், பெருங்குடல், நுரையீரல் ஆகிய மூன்று புற்றுநோய்களில், ஒரு தனிநபரின் கட்டியில் நோய்க்குக் காரணமான மரபணுக்கள் எவை என்று செயற்கை நுண்ணறிவு மூலம் இது கணிக்கிறது.

நம் மரபணு எங்கே?

இங்கேதான் ஒரு சிக்கல். மாடல் நன்றாகக் கணிக்க வேண்டுமென்றால், அதற்குக் கற்றுக்கொடுக்கும் தகவலும் சரியாக இருக்க வேண்டும். பிவட் உருவானது சென்னையில். அது பாடம் படித்தது, அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பில். 33 வகைப் புற்றுநோய்கள், 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் என அது பெரிய தொகுப்புதான். ஆனால், அதில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள்.

இதனால் என்ன என்று நினைக்கலாம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் 'மெர்கேப்டோப்யூரின்' மருந்தை எடுத்துக்கொள்வோம். சிலருக்கு வழக்கமான அளவே விஷமாகி, வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஐரோப்பியர்களிடம் இதற்கு 'டி.பி.எம்.டி' என்ற மரபணு முக்கியக் காரணம். ஆசியர்களிடம் 'நட்-15' என்ற மரபணு பெரிய பங்கு வகிப்பது 2014-க்குப் பிறகுதான் தெளிவானது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால், நம் குழந்தைகளுக்கான எச்சரிக்கை கண்ணில் படாமலே போயிருக்கும்.

அந்தக் குறையை நிரப்பும் வேலை தொடங்கிவிட்டது. 2025 பிப்ரவரி 3-ம் தேதி, சென்னை ஐ.ஐ.டி 'பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பை' வெளியிட்டது. நாடு முழுவதும் 480 மார்பகப் புற்றுநோயாளிகளிடமிருந்து பெற்ற மாதிரிகளில், 960 மரபணு வரிசைகளைப் படித்து இதை உருவாக்கியிருக்கிறார்கள். பேராசிரியர் எஸ்.மகாலிங்கம் தலைமையிலான மையம் இதை முன்னெடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம். தொடக்கம்தான், ஆனால் தேவையான தொடக்கம்.

நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்?

* மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. 'என் நோய்க்கு இந்தப் பரிசோதனை செய்தால் சிகிச்சை மாறுமா?' என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

* பயாப்சி ரிப்போர்ட்டோடு, திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்'கும் முக்கியம். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல பரிசோதனைகளை அதிலேயே செய்துவிடலாம். மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது, மறுபடி மலை இறங்கும் ஒரு பயணமும் மிச்சமாகலாம்.

* அம்மா, அக்கா, தங்கை, சித்தி என ரத்த உறவில் யாருக்காவது இளம் வயதில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 'பிராக்கா' மரபணு மாற்றம் இருந்தால், அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. அப்பா வழியாகவும் வரலாம்.

* மாடல் சொல்வது கணிப்பு மட்டுமே. முடிவெடுக்க வேண்டியவர் புற்றுநோய் மருத்துவர். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கலாமா, உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.