ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வாய் இருக்கிறது, தெரியுமா?

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கு முன்னால் நிற்கும் எந்தக் காரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சொந்தக் காராக இருந்தால் நல்லது, இல்லையென்றால் கூட்டம் கூடிவிடும்!

முழங்கால் இடிக்கும் இடத்துக்கு மேலே, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஒரு பிளாஸ்டிக் சாக்கெட். மேலே 8, கீழே 8, மொத்தம் 16 துளைகள். அதுதான் ஓபிடி போர்ட், கார் தன் கோளாறுகளைத் தானே சொல்லும் வாய்! கண்ணில் படவில்லையா? ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றிப் பாருங்கள். சில ஐரோப்பிய கார்களில் ஆஷ்டிரேக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். ஸ்டீயரிங்கிலிருந்து 2 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அங்கே 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். நம் நாட்டில் இது, அதாவது ஓபிடி 2, கட்டாயமானது 2013 ஏப்ரலில்.

இதெல்லாம் மெக்கானிக்குக்காக வந்தது என்றா நினைத்தீர்கள்? இல்லை, புகைக்காக! அதன் பின்னால் ஓர் அன்னாசிப் பழமும் இருக்கிறது! ஹாலந்தில் பிறந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்ஸ்மிட், கலிபோர்னியாவில் அன்னாசியின் வாசனையைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். அதே கருவிகளை லாஸ் ஏஞ்சலீஸ் காற்றின் பக்கம் திருப்பினார். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்துதான் அந்த நச்சு மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950-களில் காட்டினார். பிற்பாடு கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் ஆனார். புகையைக் கார் தானே கண்காணிக்க வேண்டும் என்று விதி போட்டது அந்த வாரியம்தான். நம் எர்ணாகுளம் மாவட்டத்து வாழக்குளம் அன்னாசி அவர் கையில் கிடைத்திருந்தால் காரை மறந்தே போயிருப்பார் என்பது என் கட்சி.

அந்த போர்ட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0301 என்று வருகிறதா? பி என்றால் எஞ்சின், கியர் பக்கத்துக் கோளாறு. 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு. 3, தீப்பொறி சம்பந்தப்பட்டது. கடைசி 01, முதல் சிலிண்டர். மாருதியானாலும் பென்ஸானாலும் இதே அர்த்தம்தான்! ஆனால் எந்த பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

இன்னொன்று தெரியுமா? போர்ட்டின் 16-ஆம் துளையில், சாவி போடாவிட்டாலும் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்! புளூடூத் ஸ்கேனரைச் செருகியபடி வண்டியை விட்டுவிட்டு ஓணம் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், அதைக் கழற்றிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடலாம்.