ஆசனமும் நிலமும்

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா, 1957-ஆம் ஆண்டில் விடுதலை பெறும்வரை தங்கக் கரை என்று வழங்கப்பட்டது. அந்நாட்டுச் சிற்றூர் பலவற்றில் நிலம் யாருக்கு உரியது என்று வினவினால், மனிதர் பெயரன்று, ஓர் ஆசனத்தின் பெயரே விடையாக வரும். மரத்தில் குடைந்து செய்த சிறிய இருக்கை அது. அதற்குத் தமிழில் என்ன சொல் வழங்குவது? அரியணை என்றால் அங்கில்லாத சிங்கம் வந்து சேர்கிறது. முக்காலி என்றால் மதிப்புக் குன்றுகிறது. ஆசனம் என்றே கொள்வோம். தலைவர் மாறுவார், ஆசனம் நிலைத்திருக்கும். தலைவர் அதன் சார்பில் நிலத்தைக் காக்கும் பொறுப்பாளரேயன்றி உடையவர் அல்லர்.

முற்காலத்தில் ஓர் ஆசனத்தின் எல்லை எங்கே முடிந்து மற்றொன்றின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை ஓர் ஓடையோ, குன்றோ, பெருமரமோ காட்டிற்று. காடு வேட்டைக்கு மட்டும் பயன்பட்ட வரையில் அதுவே போதுமானதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொக்கோப் பயிர் பரவியதும் காட்டுக்கு விலை ஏற்பட்டது. 1919-இல் அக்யெம் அபுவாக்வா நாட்டில் வைரம் கண்டறியப்பட்டதும் பூசல் முற்றிற்று. அங்குள்ள அசமன்கேசே, அக்வாட்டியா ஊர்களின் தலைவர்கள் நில வருவாயைத் தமக்கே கோரினர். பேரரசராகிய நானா ஒபோரி அட்டா அதில் தமக்கும் பங்குண்டு என்றார். 1929-ஆம் ஆண்டின் மத்தியஸ்தத் தீர்ப்பு அவருக்கு மூன்றில் ஒரு பங்கை வழங்கியும் பகை ஓயவில்லை. வழக்குச் செலவினால் ஆசனங்கள் கடனில் மூழ்கின. அக்கடனைத் தீர்க்கும் சுமை குடிகள் தலையில் விழுந்தது.

இத்தகைய வழக்குகள் ஏன் முடிவதில்லை? ஊரைவிட்டு வந்து வெளி மாநிலத்தில் வாழும் நம்மில் பலருக்கு அரைக்காணி நிலத்தைப் பற்றிய கவலையாவது இருக்கும். எனினும் பட்டா, அடங்கல் என்று காட்டுவதற்கு ஏதேனும் கடிதம் இருக்கும். அங்கே பழைய பாத்தியதைக்கு ஆதாரம், தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வரலாறேயாகும். இரு தரப்பு முதியோரும் தத்தம் முன்னோர் வந்து குடியேறிய கதையைக் கூறுவர். எதிரெதிரான இரு கதைகளுள் எதை நம்புவது?

1957-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அசாந்தி நாட்டு வழக்கொன்றில் இதற்கு விடை கூறிற்று. தீர்ப்பை வழங்கியவர் டென்னிங் பிரபு. நூறாண்டுக்கு முந்திய செய்தியில் உண்மையே பேசும் சாட்சியும் தவறக்கூடும். ஆதலின் சாட்சியின் முகத்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்தலாகாது. அண்மைக் காலத்தில் அந்நிலத்தைப் பயிரிட்டவர் யார், வெளியாரைக் குடியமர்த்தியவர் யார், வாரம் பெற்றவர் யார் என்று பார்த்து, எந்தக் கதை அவற்றோடு பொருந்துகிறதோ அதையே ஏற்க வேண்டும். அனுபோகத்தைக் கொண்டு பழங்கதையை உரைத்துப் பார்ப்பது மிகவும் நேர்மையான முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டிலேயே அக்யெம் அபுவாக்வாவுக்கும் அண்டை நாடாகிய அடான்சிக்கும் இடையிலான வழக்கும் அங்கே வந்தது. தம் கீழ்த்தலைவர் நடத்தும் வழக்கை அறிந்தும் ஒதுங்கி நின்ற பேரரசர், தோல்விக்குப்பின் அதே நிலத்துக்குப் புதிதாக வழக்குத் தொடுக்கலாகாது என்ற நெறி அதில் வலியுறுத்தப்பட்டது. இல்லாவிடில் ஒரே காட்டுக்கு மூன்று தலைமுறை வழக்காடலாமன்றோ!

நம் சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கில் 1863-இல் தீர்ப்புக் கூறியதும் இந்தப் பிரிவி கவுன்சிலே. இந்தியா 1949-இலும் கானா 1960-இலும் அதனோடு கொண்டிருந்த மேல்முறையீட்டுத் தொடர்பை அறுத்துக்கொண்டன.

அதன் பின்னரும் எல்லை வழக்குகள் குறையவில்லை. 1973-இல் இவற்றுக்கெனவே ஓர் ஆணையம் ஏற்பட்டது. 2000-ஆம் ஆண்டின் சட்டம் அதை நீக்கி, வழக்குகளை மீண்டும் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஆசன நில வருவாயில் 10 சதவீதம் நிர்வாகச் செலவுக்குப் போக, மீதியில் 55 சதவீதம் மாவட்ட மன்றத்துக்கும், 25 ஆசனத்துக்கும், 20 மரபுவழித் தலைமைக்கும் உரியன. நிலம் எந்த ஆசனத்தினது என்பது தீராதவரை, குத்தகைக்குக் கொக்கோ பயிரிட்ட எளிய குடியானவனுக்குத் தன் வாரத்தை யாரிடம் அளப்பது என்பதே புரியாது.

இக்காலத்தில் நீதிமன்றம் நில அளவையாளர் ஒருவரை அனுப்புகிறது. இரு தரப்பாரும் தத்தம் எல்லையை அவருக்கு நடந்து காட்டுவர். இரண்டு கோடுகளையும் அவர் ஒரே படத்தில் வரைவார். அவ்விரு கோடுகளுக்கும் நடுவே விழும் நிலத்தைப் பற்றியதே வழக்கு.