“எனக்கு ஆட்சேபணை இல்லை”

துவேஷம் என்றால் உரத்த குரலோடு வருவது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அன்றாட வாழ்வில் அது மிகவும் மரியாதையாகவே வருகிறது. வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவரின் பெயரைக் கேட்டதும், அல்லது சொந்த ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்ததும், வீட்டுக்காரர் சொல்லுகிறார்: “எனக்கு ஆட்சேபணை இல்லை, அண்டை அயலார்தாம் ஒப்பமாட்டார்கள்.” கிராமத்துத் தேநீர்க் கடையில் ஒரு சாராருக்கென்று தனி டம்ளர் ஒதுக்கி வைப்பவரும் இதையே சொல்லுகிறார், வாடிக்கைக்காரர்கள் போய்விடுவார்களாம். சில ஊர்களில் அந்த டம்ளர் மறைந்து, அதே கைகளுக்குக் காகிதக் குவளை வந்து சேர்ந்தது. இதற்குச் சுகாதாரம் என்று பெயர்!

இவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பிறர் மனம் நோகலாகாது என்று நினைப்பவர்கள். தம்மைச் சகிப்புத் தன்மை உடையவர்கள் என்றே மதிப்பவர்கள். ஆனால் யாரைச் சகிக்கிறார்கள், அந்தச் சகிப்பின் செலவை யார் தலையில் வைக்கிறார்கள் என்பதே கேள்வி.

நமது தேசிய இயக்கமே ஒருமுறை இந்தக் கேள்வியில் இடறிற்று. 1922-ம் வருஷத்தில் வ. வே. சு. ஐயர் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்து வந்தது. தமிழ்ச் சிறுவர்களைத் தேசத் தொண்டர்களாக வளர்ப்பது அதன் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் பணம் தந்தது. பல ஜாதியாரும் நன்கொடை அளித்தனர். ஐயர் லண்டனிலும் புதுச்சேரியிலும் புரட்சிக்காரராய் வாழ்ந்தவர். எல்லாருடனும் அமர்ந்து உண்பவர். ஆயினும் இரண்டு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குத் தனியே உணவளிக்க வேண்டுமென்று கேட்டபோது இசைந்தார். கொடுத்த வாக்கை மீற அவர் மனம் ஒப்பவில்லை.

விஷயம் வெளியானதும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கிளர்ந்தெழுந்தனர். தேசிய ஸ்தாபனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று 1925-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் அகப்பட்ட மகளைக் காக்க முனைந்து ஐயர் உயிர் துறந்தார். நவம்பரில் காஞ்சீபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் தடுக்கப்படவே, ராமசாமி காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

ஐயரைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அவர் பெருமனத்தவர் என்பதாலேயே இது கவனிக்கத் தக்கது. அவர் இரண்டு குடும்பங்களின் ஆசாரத்தைச் சகித்தார். அதன் விலையைக் கொடுத்தவர்களோ மறு பந்தியில் உட்கார்ந்த சிறுவர்கள். அவர்களுடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பெற்றோரின் ஆசாரத்தை மதிக்க வேண்டாமா என்பர். அவர்கள் வீட்டில் தாராளமாக மதிக்கலாம். அடுத்த வீட்டின் பூஜை மணியையும் சமையல் மணத்தையும் பொறுப்பவர் தம் சௌகரியத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார், அது சகிப்பு. பிறருடைய மானத்தை விட்டுக்கொடுப்பதற்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

சட்டத்தில் குறைவில்லை. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. அதற்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955-ல் பிறந்து, 1976-ல் கடுமையாயிற்று. ஆனால் புன்சிரிப்போடு “அண்டை அயலார்” என்று சொல்லி அனுப்பிவிடுபவர்மேல் வழக்குத் தொடுப்பது எளிதன்று. முஸ்லிம் என்ற காரணத்தால் வீடு மறுக்கப்பட்டவருக்கோ அந்தச் சட்டம் துணைக்கே வராது.

மதுரையில் அ. வைத்தியநாதய்யருக்கும் அண்டை அயலார் இருந்தனர். 1939 ஜூலை 8-ந் தேதி தாழ்த்தப்பட்ட வகுப்பினரை அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். சனாதனிகள் பழித்தனர், பட்டர்கள் சிலர் பூஜைக்கு வர மறுத்தனர். ஆலய நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு உடன் நின்றார். அதே மாதத்தில் ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டம் பிறப்பித்து அவர்களுக்குக் காப்பளித்தது.