பாண்டு இசையும் பாமரச் செவியும்

சென்ற திங்கள் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் என் காதிலிருந்த இயர்போனைச் சுட்டிக்காட்டி, “தம்பி, தமிழிசை என்று ஒன்று இருக்க, இந்த இரைச்சலில் என்ன சுகம் காண்கிறீர்கள்?” என்று வினவினார். அவர் கேட்டதில் கடுமை இல்லை, கவலையே இருந்தது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து வேரூன்றிய நம் குடும்பங்களில், பிள்ளைகள் எதைக் கேட்டு வளர்கிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று. நின்ற நிலையில் அவருக்கு விடை கூற இயலவில்லை. ஆதலின் இங்கே எழுதலானேன்.

நான் இசை பயின்றவன் அல்லன். பள்ளியிறுதி தேறி இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன். பகலெல்லாம் பார்சல் கணக்கும் பதிவேடுமே என் தாளமும் சுருதியும். ஆனால் நான் வாழும் பிரேசர் டவுன், செவியுள்ளவனைச் சும்மா இருக்கவிடாத பேட்டை. 1898-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைப்பதற்கென அமைக்கப்பெற்ற இவ்விடத்தை அரசாங்க ஏடுகள் இன்று புலிகேசி நகர் என்கின்றன. நம் வாயில் அது இன்னும் பிரேசர் டவுனே. ஒரு தெருவில் தேவாலயப் பாடகர் குழு பயிற்சி செய்யும். அடுத்த தெருவில் பாங்கொலி கேட்கும். அதற்கப்பால் திருமண ஊர்வலத்தின் பாண்டு வாத்தியம் சினிமாப் பாட்டை முழக்கிக்கொண்டு போகும்.

பாண்டு என்றால் மேனாட்டுச் சரக்கு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நம் கோயில் பெரிய மேளம் யாது? நாகசுரம், தவில், ஒத்து, தாளம் எனப் பலர் கூடி, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் பிடித்து, தெருவே அதிரும்படி வாசிப்பதன்றோ அது? ஒருவர் முன்னின்று பாட மற்றவர் பக்கத்துணையாக அமரும் சபைக் கச்சேரியைவிட, இன்றைய பாண்டுக் குழுவுக்கு நெருங்கிய உறவு பெரிய மேளமே என்பது என் துணிபு. சங்கீத விற்பன்னர்கள் இதற்குச் சினம் கொள்ளக்கூடும், கொள்ளட்டும்.

இந்நகரில் தோன்றிய இரண்டு குழுக்களைக் கூறினால் என் கருத்து விளங்கும். ஒன்று, 1996-இல் தொடங்கிய ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’. பெயரைக் கேட்டு மின்நிலையத்தை எண்ணிக்கொள்ள வேண்டா. தொடக்கக் குழுவில் மலையாளிகள் மூவரும், கால் பங்கு மலையாளியான ஒருவரும் இருந்தமையால் விளைந்த சொல்விளையாட்டு அது. அரைத் தமிழும் கால் தெலுங்குமாகக் குழந்தைகள் பேசும் வீடுகள் மலிந்த நம் தண்டுப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆங்கிலத்தில் பாடினாலும், இந்நகரின் வாழ்வையே பாடுபவர்கள். 2012-இல் வெளிவந்த அவர்களுடைய மூன்று தட்டுத் தொகுப்பின் பெயரே நம் ஆட்டோ ரிக்‌ஷாவின் மூன்று சக்கரங்களை நினைவூட்டுவது.

மற்றொன்று, 2003-இல் உருவான ‘அகம்’. கருநாடக இசையின் கீர்த்தனங்களையும் இராகங்களையும் மின் கித்தாரோடும் டிரம்ஸோடும் இணைத்து வாசிப்பவர்கள். ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் குரலில் முத்துசுவாமி தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’ கிருதியைக் கேட்டபின், என் இல்லத்துச் சிறுவன் அது என்ன இராகம் என்று கேட்டான். பிருந்தாவன சாரங்கா என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் அதே கிருதியை எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் குரலில் அவனே எடுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ‘இரைச்சல்’ காட்டிய வழி அது. இக்குழுவினர் நெடுங்காலம் தொழில்நுட்ப நிறுவனங்களில் அலுவல் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இசையை வளர்த்தவர்கள் என்பது, என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

தமிழ்நாட்டிலோ 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராப்பையும் ராக் இசையையும் ஒரே மேடையில் ஏற்றிச் சாதிக்கு எதிராகப் பாடியது. தூய தமிழில்தான் பாட வேண்டும் என்போர்க்கு அவர்கள் மொழி கரடுமுரடாகத் தோன்றும். எனக்கு அது உழைப்பவர் வாய்மொழியாகவே கேட்கிறது.

இனி, டிஜிட்டல் என்னும் சொல்லுக்கு வருவோம். ஒலி அலையை நொடிக்கு 44,100 தடவை அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைப்பதே சி.டி. எனப்படும் குறுந்தகட்டின் முறை; 1982-இல் அது சந்தைக்கு வந்தது. ஐந்து நிமிடப் பாட்டொன்றுக்கு ஏறத்தாழ 5.3 கோடி பைட் இடம் வேண்டும். அவ்வளவு பெரிய மூட்டையை அக்காலத்துத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்புவது எளிதன்று. இதற்குச் செருமானிய நாட்டு ஆய்வாளர்கள் கண்ட வழிதான் எம்.பி.3, 1995 ஜூலை 14 அன்று அக்கோப்புக்கு அப்பெயர் முடிவாயிற்று. வலிய ஓசை எழும்போது அதனை ஒட்டிய சுருதியிலுள்ள மெல்லோசை நம் செவிக்கு எட்டாது. எஞ்சின் ஊதும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேளாது போவதைப் பிளாட்பாரத்தில் நாள்தோறும் காண்கிறோமே, ஏறக்குறைய அப்படி. கேளாததைச் சுமப்பானேன் என்று அவற்றைக் கழித்துவிட்டால், அதே பாட்டு 48 இலட்சம் பைட்டில் அடங்கிவிடுகிறது. கழித்தல் மிகுந்துவிட்டதா என்று சோதிக்க, சூசன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய பாட்டொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தனிக்குரலில் பழுதை மறைக்க இடமில்லை அல்லவா!

2001-இல் வந்த ஃபிளாக் முறையோ எதையும் கழிப்பதில்லை. இறுக மடித்து மட்டும் வைக்கிறது. பார்சல் அலுவலகத்தான் மொழியில் கூறினால், எம்.பி.3 என்பது படுக்கையில் பஞ்சைக் குறைத்துக் கட்டுவது. ஃபிளாக் என்பது படுக்கையை நன்கு சுருட்டிக் கட்டுவது. வெறும் இயர்போனில் நல்ல எம்.பி.3-க்கும் இதற்கும் என் செவிக்கு வேறுபாடு தெரிந்ததில்லை. தெரிகிறது என்று சாதிக்கும் நண்பர்களோடு வழக்காடுவதை விட்டுவிட்டேன்.

மின்னணுவால் மரபு கெடும் என்று அஞ்சுவோர் ஒன்றை நினைவிற் கொள்க. கருநாடகக் கச்சேரி மேடைகளில் தம்பூராவுக்கு மாற்றாக இன்று ஒலிக்கும் சிறு மின்னணுப் பெட்டியை ஆக்கித் தந்தவர்களுள் முன்னோடி, இப்பெங்களூரில் ரேடல் நிறுவனத்தை நிறுவிய ஜி. ராஜ் நாராயண் அவர்கள். அவரே புல்லாங்குழல் கலைஞர்.

என் குறை வேறு. பழைய இசைத்தட்டின் உறையில் யார் எதை வாசித்தார் என்று அச்சிட்டிருப்பார்கள். கைப்பேசியில் பெரும்பாலும் அந்தப் பெயர்கள் இல்லை. இளையராஜா அவர்களின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்த வி. எஸ். நரசிம்மன் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலைகளில் என் கணிப்பொறியிலுள்ள பாட்டுக் கோப்புகளுக்கு ஆண்டு, வாத்தியக்காரர் பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கிறேன். எழுத்தர் புத்தி என்று என் மனைவி நகைப்பாள். உழைத்தவன் பெயர் பதிவேட்டில் இல்லாவிடில் எனக்கு உறக்கம் வருவதில்லை.

பெயருக்கு அடுத்தது கூலி. ‘தெர்மல்’ குழுவினர் 2005-இல் தம் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே வழங்கினர். அது அவர்களே விரும்பிச் செய்தது. இன்றைய நிலை அப்படியன்று. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரண்டு திங்களில் ஆயிரம் தடவையேனும் கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பணம் தருவதில்லை. பெரும்புகழ் பெற்றோர்க்கு இதனால் நட்டமில்லை. தொடக்க நிலைக் குழுவுக்கே இடி. அதனால் நான் விரும்பும் சிறு குழுக்களின் தொகுப்புகளை, இயன்றபோது, பேண்ட்கேம்ப் தளத்தில் விலைகொடுத்து வாங்குகிறேன். தொகுப்பின் விலையில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்தை அத்தளம் எடுத்துக்கொள்கிறது. திங்களுக்கு ஒரு தொகுப்பு; அதற்கு மேல் என் சம்பளம் இடங்கொடாது.

எங்கள் தெருவிலும் ஒரு மாடியறையில் நான்கு இளைஞர்கள் குழு அமைத்திருக்கிறார்கள். இருவர் தமிழர். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார்கள். அதனால் அறைக்குள் எதிரொலி சற்றுக் குறையுமேயன்றி வெளியே செல்லும் ஓசை குறையாது என்று சொன்னேன். “பரவாயில்லை அண்ணா, எட்டு மணிக்கு நிறுத்திவிடுகிறோம்” என்றார்கள். சொன்னபடி நிறுத்தியும் விடுகிறார்கள். சென்ற ஆண்டு தமிழில் ஒரு பாட்டை வெளியிட்டனர். அது இன்னும் ஆயிரத்தை எட்டவில்லை. நான் ஒருவனே பல தடவை கேட்டுப் பயனில்லை. வெவ்வேறு செவிகளும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. வினவிய மூத்த அன்பருக்கு அடுத்த கூட்டத்தில் அப்பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன். கைப்பேசி வைத்திருக்கும் மற்ற அன்பர்களும் என்னைக் கேட்டால், பாட்டின் பெயரை எழுதித் தருவேன்.