ரோட்டை இடித்தார்கள், ஊர் ஸ்தம்பிக்கவில்லை!

ஊரில் கார்கள் பெருகிவிட்டன. நெரிசல் தாங்கவில்லை. என்ன செய்யலாம்?

"இன்னொரு ரோடு போடுங்கள்!" என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால், தென்கொரியாவின் தலைநகரமான சியோலில் நேர்மாறான காரியம் நடந்தது. ஊருக்கு நடுவே இருந்த பெரிய மேம்பாலத்தை 2003-ம் ஆண்டு இடிக்கத் தொடங்கினார்கள். மேலும் கீழுமாக, தினமும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் போய்வந்த இடம் அது!

புதைந்த ஓடை

அந்த ரோட்டுக்கு அடியில் ஓர் ஓடை புதைந்து கிடந்தது. அதன் பெயர் சோங்கேசோன்.

கொரியா யுத்தத்துக்குப் பிறகு, ஏழைகள் அதன் கரையில் குடிசை போட்டார்கள். ஓடை சாக்கடை ஆனது. 1958-ல் அதை மூட ஆரம்பித்தார்கள். மேலே ரோடு வந்தது. அதற்கும் மேலே, தூண்கள் நட்டு மேம்பாலம் வந்தது.

காலப்போக்கில் மேம்பாலம் பலவீனமாகிவிட்டது. அதை இடித்து ஓடையை மீட்பதாக வாக்குறுதி கொடுத்து, 2002-ல் மேயர் தேர்தலில் ஜெயித்தார் லீ மியுங் பாக்.

வியாபாரிகள் கொதித்தார்கள். பிழைப்பு போய்விடுமே என்று போராடினார்கள். ஊரே ஸ்தம்பித்துவிடும் என்று பலர் பயந்தார்கள்.

மேம்பாலம் போயிற்று. ஊர் ஸ்தம்பிக்கவில்லை!

இது எப்படி?

ரோடு குறைந்தாலும் ஊர் தாங்கும். சில சமயம் நன்மையே உண்டாகும். இதை 35 ஆண்டுகளுக்கு முன்பே, 1968-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒருவர் உண்டு. ஜெர்மனி நாட்டுக் கணித நிபுணர் டீட்ரிச் பிரேஸ்தான் அவர்.

போக்குவரத்து நிபுணர்கள் ஊரை அப்படியே ஆராய்வதில்லை. காகிதத்தில் சுருக்கிக்கொள்கிறார்கள். சந்திப்பு என்றால் ஒரு புள்ளி. ரோடு என்றால் ஒரு கோடு. சின்னச் சந்துகளை விட்டுவிடுவார்கள். எந்தக் கோட்டில் எத்தனை வண்டி வந்தால் எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிடுவார்கள். இப்போது இதைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

நீங்களும் போட்டுப் பாருங்கள்

காலையில் 4,000 கார்கள் ஒரே ஊருக்குப் புறப்படுகின்றன. வழி இரண்டு.

வடக்கு வழியில், முதலில் குறுகிய பாலம். பிறகு அகலமான ரோடு. தெற்கு வழியில், முதலில் அகலமான ரோடு. பிறகு குறுகிய பாலம்.

அகல ரோட்டில் எத்தனை கார் வந்தாலும் 45 நிமிடம்தான். பாலத்தில் 100 காருக்கு 1 நிமிடம் வீதம் நேரம் கூடும்.

கார்கள் சரிபாதியாகப் பிரிகின்றன. பாலத்தில் 2,000 கார். அதற்கு 20 நிமிடம். ரோட்டுக்கு 45. ஆக 65 நிமிடத்தில் எல்லோரும் போய்ச் சேருகிறார்கள்.

இப்போது, முதல் பாலத்தின் முடிவிலிருந்து இரண்டாவது பாலத்தின் தொடக்கத்துக்கு ஒரு குறுக்கு ரோடு போடுகிறார்கள். அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதில் போகிறவருக்கு யோகம்! 20-ம் 20-ம் 40 நிமிடம்தான். சேதி பரவுகிறது. 4,000 கார்களும் அங்கேயே பாய்கின்றன. ஒவ்வொரு பாலத்துக்கும் 40 நிமிடம். ஆக 80 நிமிடம்!

பழைய வழிக்குத் திரும்பினால்? பாலத்துக்கு 40, ரோட்டுக்கு 45. ஆக 85 நிமிடம்! அதனால் ஒருவரும் திரும்பமாட்டார்.

புது ரோடு வந்தது. எல்லோருக்கும் 15 நிமிடம் நஷ்டம். அதை மூடினால் மறுபடியும் 65 நிமிடம்தான்!

ஒவ்வொருவரும் தன் லாபத்தைப் பார்த்தார்கள். அதுவே எல்லோருக்கும் வினையாக முடிந்தது.

சியோல் சொல்லும் பாடம்

சியோலில் நடந்தது முழுக்க இதே கணக்குத்தான் என்று சொல்ல முடியாது. சிலர் வேறு வழியில் போனார்கள். சிலர் காரை விட்டுச் சுரங்க ரெயிலில் ஏறினார்கள். 2004-ல் பஸ் போக்குவரத்தையே திருத்தி அமைத்து, நடு ரோட்டில் பஸ்களுக்கென்று தனிப் பாதை விட்டார்கள்.

2005 அக்டோபரில் ஓடை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 6 கிலோமீட்டர். ஹான் ஆற்று நீரை அதில் இறைத்து விடுகிறார்கள்.

எல்லோருக்கும் லாபம் என்று சொல்வதற்கில்லை. நடைபாதைக் கடைக்காரர்கள் பலர் இடம் பெயர நேர்ந்தது.

ஆனாலும் ஓடைக்கரை மாலைதோறும் களைகட்டுகிறது. வண்டிகள் இரைந்த இடத்தில், குழந்தைகள் தண்ணீரில் கால் நனைத்து விளையாடுகிறார்கள்.

ரோடு போடுவதற்கு முன்னால் கணக்குப் போட வேண்டும்!