பிரேக்ல இருக்கிற அந்தக் குட்டி லீவர்

பஞ்சர் எபிசோட் கேட்ட ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டியூப் மாத்திட்டேன், காத்தும் அடிச்சுட்டேன், ஆனா வீல் திரும்ப உள்ளே போகவே மாட்டேங்குது ப்ரோ, பிரேக் கட்டையில முட்டி நிக்குது."

பதில் ரொம்பச் சின்னது: ரோட் பைக் பிரேக்லயே அதுக்கு ஒரு குட்டி லீவர் இருக்கு, அதைத் திறங்க. ஆனா அதைத் திறக்கச் சொல்லிக் கொடுக்கிற பலர் மூடுறதைப் பத்தி அழுத்திச் சொல்றதில்ல. அப்படி மூட மறந்ததால நான் ஒரு தடவை ஒரு வேனோட பின்பக்கத்தை ரொம்பக் கிட்டத்துல பார்த்தேன். அதனால இன்னைக்கு முழுக்க இந்த லீவர்தான். டிஸ்க் பிரேக் வண்டி வச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க, கடைசியில உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.

முதல்ல, வீல் ஏன் மாட்டுது? ரிம் பிரேக்ல ரெண்டு ரப்பர் கட்டை ரிம்மோட ரெண்டு பக்கத்தையும் கவ்விப் பிடிக்கும். பிடிக்காத நேரத்துல ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, ரெண்டு மி.மீ. இடைவெளிதான் இருக்கும். பழைய ரோட் பைக் ரிம் வெளி அகலம் சுமார் 20 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. அப்போ கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற வழி அதிகபட்சம் 24 மி.மீ. நம்ம டயர் 25 அல்லது 28. கணக்கு அங்கேயே இடிக்குது. பஞ்சரான டயர் தொளதொளன்னு இருக்கிறதால வெளியே வந்துடும். காத்து அடிச்ச அப்புறம் அதே டயர் உள்ளே போகாது. கேள்வி கேட்டவருக்கு நடந்தது இதுதான்.

வீலைக் கழட்ட ஆக்ஸில்ல ஒரு குயிக் ரிலீஸ் லீவர் இருக்கே, அது வேற. அதைக் கண்டுபிடிச்சவர்னு சொல்லப்படுறவர் இத்தாலிக்காரர் துல்லியோ காம்பன்யோலோ. 1927ல ஒரு மலைப்பாதை ரேஸ்ல குளிர்ல விரல் மரத்துப்போய், வீல் நட்டைக் கழட்ட முடியாம தவிச்சதுதான் ஆரம்பம்னு ஒரு கதை உண்டு. கதையை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா ஆக்ஸிலைத் திறந்தா மட்டும் பத்தாது, பிரேக்கும் வழி விடணும். அதுக்குத்தான் இந்த ரெண்டாவது லீவர்.

ஷிமானோ, ஸ்ராம் ரிம் பிரேக்ல அது காலிப்பர்லயே, கேபிள் வந்து முடியுற இடத்துக்குப் பக்கத்துல இருக்கும். உள்ளே இருக்கிறது ஒரு கேம், அதாவது மையம் விலகின ஒரு உருளை. லீவரைத் திருப்பினா கேபிளைப் பிடிச்சிருக்கிற புள்ளி கொஞ்சம் நகரும், கேபிள் தளரும், கட்டைகள் விரியும். ஷிமானோவுல லீவர் மேலே பார்த்தா திறந்திருக்கு, கீழே பார்த்தா மூடியிருக்கு. அவ்ளோதான் மெக்கானிசம்.

இப்போ என் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில ஈசிஆர்ல நாங்க நாலு பேர் மகாபலிபுரம் பக்கம் போயிட்டிருந்தோம். கோவளம் தாண்டி எனக்கு முன் வீல் பஞ்சர். மத்தவங்க நின்னு வேடிக்கை பார்க்கிறாங்கன்னு வேகவேகமா டியூப் மாத்தினேன். பிரேக் லீவரைத் திறந்து, வீலைப் போட்டு, ஆக்ஸிலை இறுக்கி, ஏறிப் போயிட்டேன். பிரேக் லீவரை மூடவே இல்ல. அந்த நேரத்துல ரோடு காலி, நாலஞ்சு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடவே தேவைப்படல. அப்புறம் முன்னாடி போன வேன் ஒண்ணு சட்டுனு நின்னுச்சு. முன் பிரேக்கை அழுத்தினா லீவர் நேரா ஹேண்டில்பார்ல போய் ஒட்டிக்கிச்சு. வண்டி கொஞ்சம் வேகம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சே தவிர நிக்கல. பின் பிரேக் மட்டும் பிடிச்சு, பின் வீல் லாக் ஆகி, வழுக்கிக்கிட்டே போய் வேனுக்கு ஒரு அடி முன்னால நின்னேன். தப்பு முழுக்க என்னோடதுதான்.

ஏன் அப்படி ஆகுதுன்னா, பிரேக் லீவரோட பயணத்துக்கு ஒரு அளவு இருக்கு. மூடின நிலையில முதல் கொஞ்ச தூரத்துலயே கட்டை ரிம்மைத் தொட்டுடும், மீதிப் பயணம் முழுக்க இறுக்கத்தான். திறந்த நிலையில பாதிக்கு மேல கட்டையை ரிம் வரைக்கும் கொண்டு போறதுக்கே செலவாகிடும். இறுக்க மிச்சம் எதுவும் இருக்காது. அதுவும் முன் பிரேக்ல இது நடந்தா மோசம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால சாயுறதால வண்டியை நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் வீலுக்குத்தான்.

எனக்கு உறுத்தின விஷயம் வேற. ஹைப்ரிட், எம்டிபி வண்டிகள்ல வர்ற வி-பிரேக்ல, வளைஞ்ச ஒரு குழாயைக் கொக்கியிலேர்ந்து கழட்டி விடுவோம். அதை மாட்ட மறந்தா பிரேக் சுத்தமா பிடிக்காது, கை வச்ச உடனே தெரிஞ்சிடும். காலிப்பர் லீவர் அப்படி இல்ல. லேசா பிடிக்கும். சிக்னல்ல மெதுவா வந்து நிக்கும்போது எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தோணும். சர்வர் செத்துப்போனா அலர்ட் வரும், ஆனா பாதி ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் தப்பா பதில் சொன்னா மாசக்கணக்குல யாருக்கும் தெரியாது. வேலையில இந்த ரெண்டாவது வகை பக்கைத் துரத்தினவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இந்த இடத்துலதான் காம்பன்யோலோ நிறுவனத்தோட ரிம் பிரேக் எர்கோபவர் லீவர் எனக்குப் பிடிக்கும். அதுல ரிலீஸ் காலிப்பர்ல இல்ல, கைப்பிடி லீவர்லயே ஒரு சின்ன பின்னா இருக்கு. அதைத் தள்ளினா பிரேக் லீவர் வழக்கத்தைவிட வெளியே விரிஞ்சு நிக்கும், அதனால கேபிள் தளர்ந்து கட்டையும் விரியும். இப்போ மூட மறந்துட்டீங்கன்னு வைங்க. லீவர் வெளியே துருத்திக்கிட்டு நிக்கிறது கை வைக்கும்போதே தெரியும். தெரியலேன்னாலும், லீவர் இன்னும் வெளியேயிருந்து கிளம்புறதால உள்ளே வர்ற பயணம் குறையாது. பிரேக் பிடிக்கும். விரல் கொஞ்சம் எட்டிப் பிடிக்கணும், அவ்ளோதான். என்னைக் கேட்டா இதுதான் நல்ல டிசைன்.

அதுக்காக வண்டியை மாத்தச் சொல்லல. நான் பழகிக்கிட்டது இது: வீலைப் போட்டு ஆக்ஸிலை மூடின கையோட பிரேக் லீவரை மூடுறது. அப்புறம் வீலைச் சுத்தி விட்டு, ரெண்டு பிரேக்கையும் ஒரு தடவை முழு அழுத்தம் கொடுத்துப் பார்த்துட்டுத்தான் சீட்ல ஏறுவேன். நடுவுல யாராவது "போலாமா மச்சி"ன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தப்பும் நிறைய பேர் பண்றாங்க. வீல் போட்ட அப்புறம் ஒரு பக்கக் கட்டை உரசுதுன்னா, லீவரைப் பாதி திறந்து விட்டுட்டு ஓட்டுறது. பெரும்பாலும் வீல் நேரா உட்காரலேன்னு அர்த்தம். ஆக்ஸிலைத் தளர்த்தி, வண்டி எடையைக் கீழே கொடுத்து, திரும்ப இறுக்குங்க. ஸ்போக்ஸ் கம்பி உடைஞ்சு வீல் கோட்டமாகி, வீடு வரைக்கும் எப்படியாவது போய்ச் சேரணும்னா மட்டும் பாதி திறந்து மெதுவா போகலாம். அப்பவும் அந்தப் பிரேக்கை நம்பாதீங்க. அடுத்த நாளே கடையில கோட்டம் எடுத்துடுங்க.

சில ரோட் பைக்ல பின் பிரேக் பெடலுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும். அந்த மாதிரி சில மாடல்ல ரிலீஸ் லீவரே கிடையாது. அதுக்கு வழி, டயரைத் தட்டையா உள்ளே விட்டு, வீலை மாட்டின அப்புறம் காத்து அடிக்கிறது. லீவரைத் தேடிக் கிடைக்காதவங்களுக்கும் இதே வழிதான்.

டிஸ்க் பிரேக்காரங்களே, உங்க பிரேக் ரிம்மைத் தொடவே தொடாது, டயர் எவ்ளோ அகலமா இருந்தாலும் கவலை இல்ல. 2018 ஜூலையிலேர்ந்து யுசிஐ ரோட் ரேஸ்லயும் டிஸ்க்கை முறையா அனுமதிச்ச அப்புறம், புதுசா வர்ற ரோட் பைக்ல ரிம் பிரேக்கே குறைஞ்சுட்டு வருது. ஆனா உங்களுது ஹைட்ராலிக்னா, வீல் வெளியே இருக்கும்போது தப்பித் தவறி பிரேக் லீவரை அழுத்திடாதீங்க. பேட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. வண்டியோட ஒரு பிளாஸ்டிக் துண்டு கொடுத்திருப்பாங்க, கழட்டின உடனே அதை நடுவுல சொருகி வைங்க. அது தொலைஞ்சு போச்சுன்னா அட்டையை மடிச்சு வச்சாலும் போதும்.

கேள்வி அனுப்பினவர் அடுத்த நாளே பதில் போட்டிருந்தார், லீவர் கிடைச்சிடுச்சாம். "மூடிட்டீங்களா?"ன்னு கேட்டேன். "இருங்க, பார்த்துட்டு வர்றேன்"னார்.